இழுக்கும் எடை வேறு, தாங்கும் எடை வேறு

அமெரிக்காவில் படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு ட்ரெய்லர் ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு மலைப்பக்கம் போக வேண்டும் என்று ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இந்த பிக்கப் ட்ரக் எத்தனை பவுண்டு இழுக்கும்?" விற்பனை நிலையத்தில் முதலில் சொல்லப்படும் எண்ணும் இதுதான், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதும் இதுதான். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ட்ரக் வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முடிவு செய்ய வேண்டியது அது.

நாங்கள் கொலராடோவில், டென்வருக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். ஒரே ட்ரெய்லரை முதலில் ஓர் அரை டன் ட்ரக்கிலும், பிறகு ஒரு முக்கால் டன் ட்ரக்கிலும் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறோம். பெரும்பாலும் நான்தான் ஓட்டுவேன். இழுத்த சுமையும் போன சாலைகளும் மாறவில்லை, ட்ரக் மட்டும் மாறியது. அதனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் உறுதியாகவே சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

புதிதாகத் தேடுபவர்களுக்காக வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா போன்றவை அரை டன் என்று அழைக்கப்படும் இலகு ரகம். எஃப்-250, சில்வராடோ 2500எச்டி, ராம் 2500 ஆகியவை முக்கால் டன். எஃப்-350, 3500 வரிசை ஒரு டன். பின்னவை இரண்டும் சேர்ந்துதான் கனரகம். வண்டியும் ஆட்களும் சரக்கும் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடையை உற்பத்தியாளரே நிர்ணயித்திருப்பார். அது 8,500 பவுண்டுக்குள் இருந்தால் இலகு ரகம், அதற்கு மேல் போனால் கனரகம். டன் என்பதெல்லாம் பழைய வழக்கில் நிற்கும் பெயர். இன்றைய அரை டன் ட்ரக் ஆயிரம் பவுண்டுக்கு நன்றாகவே மேலே தாங்கும்.

இனி எங்கள் ட்ரெய்லர். 27 அடி நீளம். தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது அதன் எடை 5,900 பவுண்டு. எல்லாம் ஏற்றிய பிறகு அதிகபட்சமாக 7,600 பவுண்டு வரை இருக்கலாம் என்று அதன் பக்கவாட்டு ஸ்டிக்கர் சொல்கிறது. காலி எடையை வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது வீண் வேலை. காலியாக யாரும் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போவதில்லை. பேட்டரி, எரிவாயு உருளைகள், படுக்கை விரிப்புகள், மடக்கு நாற்காலிகள், பாத்திரங்கள், அரிசி, கனமான இரும்புத் தோசைக்கல் என்று ஒவ்வொன்றாக ஏறும். தண்ணீர் ஒரு காலனுக்கு 8.3 பவுண்டு. 40 காலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டுக்கு மேல் கூடிவிடும். எல்லாம் ஏற்றிய பிறகு எங்கள் ட்ரெய்லர் 7,000 பவுண்டு.

அந்த 7,000 பவுண்டும் ட்ரெய்லரின் சக்கரங்களில் மட்டும் நிற்பதில்லை என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ட்ரெய்லர் ஆடாமல் நேராக வர வேண்டுமென்றால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பக்கக் கொக்கியின் வழியாக ட்ரக்கின் மேல் அழுந்த வேண்டும். இதற்கு நாக்கு எடை என்று பெயர். எங்களுடையது 13 சதவீதம், அதாவது 910 பவுண்டு. ட்ரக்கைப் பொறுத்தவரை இது இழுக்கும் எடை அன்று, முதுகில் ஏற்றிய மூட்டை.

எங்கள் அரை டன் ட்ரக்கின் கதவோர ஸ்டிக்கரில் பயணிகளும் சரக்கும் சேர்ந்து 1,480 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தது. இதுதான் பேலோட். ஓட்டுநரின் எடையும் இதற்குள்தான் வரும். பலர் இதைக் கவனிப்பதில்லை. எங்கள் கணக்கைப் பாருங்கள். நாக்கு எடை 910. அந்த எடையைப் பகிர்ந்து தரும் ஹிட்ச், அதாவது ட்ரக்கையும் ட்ரெய்லரையும் இணைக்கும் கருவி, தனியாக 90. ஆக 1,000 போய்விட்டது. மிச்சம் 480. கணவர், நான், பையன் மூவரும் சேர்ந்து 420. ட்ரக் படுக்கைக்கு, அதாவது பின்பக்கத் திறந்த சரக்குத் தொட்டிக்கு, நாங்கள் போட்ட மூடி 60. கணக்கு முடிந்தது. பின்னால் ஒரு சைக்கிளை வைக்கவும் இடமில்லை, அதாவது எடையில் இடமில்லை. அதே ட்ரக்கின் விளம்பரத்தில் இருந்த இழுவைத் திறன் 11,200 பவுண்டு. அந்த எண்ணின்படி இன்னும் 4,200 பவுண்டு இழுக்கலாம். பேலோட்டின்படி இன்னொரு ஆளை ஏற்ற முடியாது. குடும்பத்தோடு ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு அரை டன் ட்ரக்கில் முதலில் தீர்வது பெரும்பாலும் பேலோட்தான். எஞ்சினின் பலம் தீரும்வரை பேலோட் காத்திருக்காது.

விளம்பர எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அது கடுமையான சோதனையில் பிறந்த எண். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்திலிருந்து மேலேறும் 11 மைல் ஏற்றத்தில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடும்போது, சாதாரண ட்ரக் மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்புவது, 12 சதவீதச் சரிவில் நிறுத்தி மறுபடி எடுப்பது என்று வேறு பரீட்சைகளும் உண்டு. ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுபவர்கள் இரண்டே பேர், தலா 150 பவுண்டு. ஹிட்ச் சாமான்களுக்கு 70 பவுண்டு. பிள்ளைகள், குளிர்பெட்டி, கருவிப்பெட்டி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. நம் வீட்டுப் பயணம் அப்படியா நடக்கிறது?

காகிதக் கணக்கோடு நிற்காமல் எடை போட்டுப் பார்ப்பது மிக முக்கியம். நெடுஞ்சாலையோர ட்ரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். பெரிய லாரிகளுக்காக வைத்ததுதான் என்றாலும் நம்மைப் போன்றவர்களும் போகலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முன் சக்கரங்கள் ஒரு தட்டில், பின் சக்கரங்கள் அடுத்த தட்டில், ட்ரெய்லர் சக்கரங்கள் மூன்றாவது தட்டில் நிற்கும்படி ஓட்டி நிறுத்த வேண்டும். பக்கத்துக் கம்பத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருந்து ஒருவர் பேசுவார். கைப்பேசிச் செயலி வழியாகவும் செய்யலாம். வரும் சீட்டில் ஒவ்வொரு ஆக்சிலின், அதாவது சக்கர அச்சின், எடையும் தனித்தனியாக இருக்கும். முதல் எடைக்குப் பிறகு அதே நாளில் மறுபடி போட்டால் கட்டணம் மிகவும் குறைவு.

நாங்கள் மூன்று விதமாக எடை போட்டோம். ட்ரெய்லர் இல்லாமல், ஆட்களோடும் முழு எரிபொருளோடும் ட்ரக் மட்டும்: முன் ஆக்சில் 3,380, பின் ஆக்சில் 2,760. ட்ரெய்லரை மாட்டி, எடையைப் பகிரும் ஹிட்சின் கம்பிகளைப் பூட்டாமல்: முன் 3,080, பின் 3,970. கம்பிகளைப் பூட்டிய பிறகு: முன் 3,290, பின் 3,670, ட்ரெய்லர் சக்கரங்களில் 6,180. நடுவில் உள்ள எடையைப் பாருங்கள். முன் சக்கரங்களிலிருந்து 300 பவுண்டு காணாமல் போயிருக்கிறது. பின்னால் அழுத்தும்போது முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங்குக்கும் முன் பிரேக்குக்கும் சாலையில் பிடி குறையும். கம்பிகள் அதில் 210 பவுண்டை முன்னுக்குத் திருப்பித் தந்தன, 90 பவுண்டை ட்ரெய்லர் சக்கரங்களுக்கே அனுப்பிவிட்டன. அரை டன் ட்ரக் வைத்திருப்பவர்களுக்கு எடையைப் பகிரும் ஹிட்ச் ஓர் ஆடம்பரம் அன்று. பல ட்ரக்குகளில் பின்பக்க ஹிட்ச் குழாயிலேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: இந்தக் கம்பிகள் இல்லாவிட்டால் 5,000 பவுண்டு ட்ரெய்லர், 500 பவுண்டு நாக்கு எடை, அவ்வளவுதான் என்று. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

கடைசி எடையில் எங்கள் ட்ரக் மட்டும் 6,960 பவுண்டு நின்றது. அதன் உச்ச வரம்பு 7,050. வெறும் 90 பவுண்டு மிச்சம், அதுவும் கம்பிகள் ட்ரெய்லர் சக்கரங்களுக்கு அனுப்பியதால் கிடைத்தது. வரம்புக்குள் இருக்கிறோம் என்ற நிம்மதியோடு அந்த ட்ரக்கில் நன்றாகவே பயணம் செய்தோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். டர்போ பெட்ரோல் எஞ்சின், ஏற்றத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. மூச்சுத் திணறுகிற உயரத்திலும் பலம் பெரிதாகக் குறையவில்லை. இழுக்க முடிகிறதா என்று கேட்டால் தாராளமாக முடிந்தது.

சிரமம் தெரிந்த இடங்கள் இரண்டு. ஒன்று காற்று. வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலையில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே வீசும் பக்கக்காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காற்று மிஞ்சினால் எடை குறைந்த, உயரமான வண்டிகளுக்கு அந்தச் சாலையையே மூடிவிடுவார்கள். சாலை திறந்திருக்கும் நாள்களிலும் ட்ரெய்லரின் நீண்ட பக்கச்சுவர் பாய்மரம் போலக் காற்றை வாங்கும். ட்ரெய்லர் ஒரு பக்கம் தள்ளப்பட, அது ட்ரக்கின் பின்பக்கத்தையும் தள்ளும். 7,000 பவுண்டு ட்ரெய்லரும் அதைவிடச் சற்றே எடை குறைந்த ட்ரக்கும் மல்லுக்கு நின்றால் யார் யாரை ஆட்டுவது என்பதே சந்தேகம். மென்மையான பக்கச்சுவர் கொண்ட பயணிகள் ரக டயர்கள் நெளிவதைக் கையிலேயே உணரலாம். தோள்கள் இறுகிப்போகும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும்போது முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஒரு மணி நேரம் அப்படி ஓட்டினால் ஒரு முழு நாளின் களைப்பு வந்துவிடும்.

இரண்டாவது, இறக்கம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ட்ரக் வாங்கும்போது எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். டென்வரிலிருந்து ஐ-70 வழியாக மேற்கே போனால் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை வரும். 11,158 அடி உயரம். அதைத் தாண்டியதும் சில்வர்தார்ன் ஊர் வரை 7 சதவீதச் சரிவில் சாலை மைல்கணக்கில் இறங்கும். பிரேக் பிடிக்காத லாரிகள் ஒதுங்குவதற்கென்றே வழியில் சரளைக்கல் நிரப்பிய தனி ஏற்றுப்பாதை அமைத்திருக்கிறார்கள்.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்க வந்திருந்த கோடை அது. இருவரும் சேர்ந்து 270 பவுண்டு. அவர்களை ஏற்றினால் ட்ரக் அதன் வரம்பை 180 பவுண்டு தாண்டும். அதனால் பெற்றோரைக் காரில் அழைத்துக்கொண்டு கணவர் பின்னால் வர, நானும் பையனும் ட்ரக்கில் முன்னால் போனோம். பேலோட் பற்றாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான, செலவு குறைந்த வழி கிடையாது. ட்ரக்கை மாற்றுமுன் இதை யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறைதான் ஆள் கூடுகிறது என்றால் இரண்டாவது கார் போதும்.

அப்பா மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சில்வர்தார்னில் இறங்கி நிறுத்தியதும் நேராக ட்ரக்கின் முன் சக்கரத்துக்கு வந்து, ரிம்முக்கு ஒரு சாண் தள்ளிப் புறங்கையை நீட்டி வெப்பம் பார்த்தார். பிறகு ட்ரெய்லர் சக்கரங்களிலும் ஒவ்வொன்றாக அதே போலப் பார்த்தார். பிரேக் கட்டை காய்ந்த வாடை இலேசாக வந்துகொண்டிருந்தது.

"எந்த கியரில் இறங்கினாய்?"

"மூன்றில் பூட்டித்தான் இறங்கினேன், அப்பா."

"கியர் சரிதான். பின்னாலிருந்து பார்த்தேன், அப்படியும் பிரேக் விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டேதான் இருந்தது. எஞ்சின் பிடித்து நிறுத்தவில்லை. ஏற்றத்துக்கு இந்த எஞ்சின் போதும் அம்மா, இறக்கத்துக்குப் போதாது."

அவர் சொன்னது அப்படியே சரி. சிறிய கொள்ளளவு கொண்ட டர்போ எஞ்சின் ஏறும்போது பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். காலை எடுத்துவிட்டு இறங்கும்போது அது மறுபடி சிறிய எஞ்சின்தான். ட்ரக்கும் ட்ரெய்லருமாக 13,000 பவுண்டை அந்த எஞ்சின் மட்டும் பிடித்து வைக்காது. மிச்ச வேலையைப் பிரேக்தான் செய்ய வேண்டும். அதனால்தான் ட்ரெய்லரின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கருவியைக் கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறேன். காலியிடத்தில் மெதுவாக ஓட்டி, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி, அது ட்ரக்கைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்ப்பேன். நெடுஞ்சாலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தபடி இருக்காமல், சற்றே அழுத்தமாக மிதித்து வேகத்தை நன்றாகக் குறைத்து, முழுதாக விட்டுவிட்டு, மறுபடி வேகம் கூடிய பிறகு மிதிப்பேன். இடைவெளியில் பிரேக் ஆறும்.

பெற்றோர் இனி ஆண்டுதோறும் வருவார்கள், பையனும் வளர்கிறான், கொலராடோவில் இருந்துகொண்டு இறக்கத்தைத் தவிர்க்கவும் முடியாது. இந்த மூன்றும் சேர்ந்துதான் எங்களைக் கனரக ட்ரக்குக்கு அழைத்துப் போயின.

விற்பனை நிலையத்தில் டீசல் ட்ரக்கைத்தான் முதலில் காட்டினார்கள். ஆயிரம் பவுண்டு-அடிக்கு மேல் திருகுவிசை, மலையையே இழுக்கும் என்று சொன்னார்கள். அது உண்மைதான், அந்த எஞ்சின்கள் அற்புதமானவை. நான் ஒன்றும் சொல்லாமல் வரிசையில் நின்ற ஒவ்வொரு ட்ரக்கின் கதவையும் திறந்து ஸ்டிக்கரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரே மாதிரி, ஒரே இருக்கை அமைப்பு, பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு முக்கால் டன் ட்ரக்குகள். பெட்ரோல் எஞ்சின் கொண்டதில் 3,120 பவுண்டு. டீசலில் 2,290.

காரணம் எளிது. முக்கால் டன் ட்ரக்குகளின் மொத்த எடை வரம்பைப் பெரும்பாலும் 10,000 பவுண்டிலேயே நிறுத்துகிறார்கள். 10,001 பவுண்டிலிருந்து வண்டி அடுத்த வகுப்புக்குப் போய்விடும், வணிகப் பயன்பாட்டுக்கான கூட்டாட்சி விதிகளும் அங்கேதான் தொடங்குகின்றன. வரம்பு நிலையாக நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு கனமோ அவ்வளவும் பேலோட்டிலிருந்து கழியும். பெரிய டீசல் எஞ்சினும் அதன் துணைக்கருவிகளும் பல நூறு பவுண்டு கூடுதல். எங்கள் கணக்கில் ஐந்து பேர், ஹிட்ச், நாக்கு எடை எல்லாம் சேர்ந்து 1,690. டீசலில் மிச்சம் 600. பெட்ரோலில் 1,430. இரண்டும் போதும்தான். ஆனால் டீசலுக்கு ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதல் கொடுத்து, வெளியேற்றப் புகையைச் சுத்தம் செய்யும் திரவத்தை நிரப்பிக்கொண்டு, விலை கூடிய பராமரிப்பையும் ஏற்றுக்கொண்டு, கடைசியில் குறைந்த பேலோட்டை வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஆண்டில் பாதி நாள் ட்ரெய்லரோடு சாலையில் இருப்பவர்களுக்கு டீசலும், இறக்கத்தில் புகையை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் அதன் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கொடுக்கும் சுகம் வேறு. அவர்கள் டீசல் வாங்கட்டும், முடிந்தால் ஒரு டன் ரகமாகவே வாங்கட்டும். கோடை விடுமுறையும் நீண்ட வார இறுதிகளும்தான் என்றால் பெரிய பெட்ரோல் எஞ்சின் போதும் என்பது என் கருத்து.

புதிய ட்ரக்கில் முதல் வேறுபாடு ட்ரெய்லரை மாட்டிய உடனே தெரிந்தது. பின்பக்கம் கொஞ்சம்தான் அமிழ்ந்தது. கனமான சட்டகம், எட்டு நட்டுகள் பூட்டிய சக்கரங்கள், 80 பிஎஸ்ஐ வரை காற்றுப் பிடிக்கும் பத்து அடுக்குத் தர டயர்கள், வண்டியின் எடையை அச்சுத்தண்டின் மேல் போடாமல் அதன் உறையே தாங்கும் பின் ஆக்சில் என்று எல்லாமே சுமக்கவென்று செய்தவை. அதே வயோமிங் காற்றில் ட்ரெய்லர் ஆடத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆட்டம் ட்ரக்குக்கு வந்து சேரும்போது பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது. ஐசன்ஹவர் இறக்கத்தில் பெரிய எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைக்கிறது, பிரேக்கை எப்போதாவதுதான் தொடுகிறேன். அடுத்த ஆண்டு அப்பா என் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தார். கீழே வந்ததும் பழையபடி புறங்கையால் சக்கரங்களைப் பார்த்துவிட்டு, "இது வண்டி" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் ஏற்றத்தில் பழைய அரை டன் ட்ரக்தான் வேகம். இதை யாரும் விற்பனை நிலையத்தில் சொல்ல மாட்டார்கள். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் பலம் இழக்கும். சுரங்கப்பாதை உயரத்துக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். அதிக சுழற்சியில் சத்தம் போட்டுக்கொண்டு, லாரிகளோடு வலப்பக்கத் தடத்தில் நிதானமாக ஏற வேண்டும். எனக்கு அது பொருட்டில்லை. மெதுவாக ஏறுவதால் யாருக்கும் ஆபத்தில்லை.

ட்ரெய்லர் இல்லாத நாள்களில் கனரக ட்ரக்கோடு வாழ்வது வேறு கதை. காலியாக ஓட்டினால் சாலையின் ஒவ்வொரு இணைப்பும் முதுகெலும்பில் தெரியும். அம்மாவுக்கு இடுப்பு வலி, நகரத்துக்குள் போவதென்றால் காரையே எடுக்கச் சொல்வார். 20 அடிக்கு மேல் நீளம், எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் நுழையவில்லை. பல்லடுக்கு வாகன நிறுத்தங்களில் திருப்புவதற்குள் வியர்த்துவிடும். எரிபொருள் செலவும் கூடுதல், ட்ரெய்லரோடு போகும்போது காலனுக்கு 8, 9 மைல்தான் கிடைக்கிறது. இந்த எடை ரக ட்ரக்குகளுக்குப் புதிய கார்களில் உள்ளது போன்ற அரசின் எரிபொருள் திறன் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை, அதனால் வாங்கும் முன் உண்மையான நிலவரத்தைச் சொந்தக்காரர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் அலுவலகத்துக்குப் போகவும் இந்த ஒரே வண்டிதான் என்றால் நன்றாக யோசியுங்கள். எங்களிடம் தினசரிக்குக் கார் இருந்ததால்தான் இந்த முடிவுக்கே வர முடிந்தது.

எல்லோருக்கும் கனரகம் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏற்றிய பிறகும் 5,000, 6,000 பவுண்டுக்குள் நிற்கும் ட்ரெய்லர், மூன்று நான்கு பேர் கொண்ட குடும்பம், பெரும்பாலும் சமவெளி என்றால் நல்ல பேலோட் உள்ள அரை டன் ட்ரக் அருமையான தேர்வு. படகு இழுப்பவர்களுக்கு இன்னும் வசதி. படகு ட்ரெய்லரின் நாக்கு எடை விகிதம் பொதுவாகக் குறைவு, காற்றையும் அது அவ்வளவாக எதிர்க்காது. 7,000 பவுண்டு படகும் 7,000 பவுண்டு வீட்டு ட்ரெய்லரும் ட்ரக்குக்கு ஒன்றல்ல. சில உரிமையாளர் கையேடுகளில் ட்ரெய்லரின் முகப்புப் பரப்புக்கும் ஒரு வரம்பு போட்டிருப்பார்கள், அதையும் படியுங்கள். மறுபக்கம், ட்ரக் படுக்கையின் நடுவில் மாட்டும் ஐந்தாம் சக்கர ட்ரெய்லர் என்றால் அதன் எடையில் 20 சதவீதம் ட்ரக்கின் மேல் அமரும். 10,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 2,000 பவுண்டு. அங்கே அரை டன்னைப் பற்றிய பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை.

அரை டன் தேடுபவர்கள் வசதிகள் குறைந்த மாதிரியைப் பாருங்கள். கண்ணாடிக் கூரை, பெரிய ரிம், தானாக இறங்கும் படிக்கட்டு ஒவ்வொன்றும் பேலோட்டைத் தின்னும். வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும் இரண்டு ட்ரக்குகளுக்கு இடையே 500 பவுண்டு வேறுபாடு வருவது சாதாரணம். இணையத்தில் போட்டிருக்கும் எண் அந்த வரிசையிலேயே மிக அதிகமாகத் தாங்கும் வண்டியின் எண்ணாக இருக்கும். நீங்கள் வாங்கப் போகும் வண்டியின் எண் அதன் கதவில் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு அறிவுரைகளை அடிக்கடி கேட்கிறேன், இரண்டையும் நான் ஏற்பதில்லை. ஒன்று, இழுவைத் திறனில் 80 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை என்பது. எங்கள் பழைய ட்ரக்கில் நாங்கள் இழுத்தது 63 சதவீதம்தான், அதற்குள்ளேயே பேலோட் தீர்ந்துவிட்டது. இன்னொன்று, பின்பக்கம் அமிழ்ந்தால் காற்றுப்பை ஸ்பிரிங் மாட்டிக்கொள்ளலாம் என்பது. ட்ரக் நேராக நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஆக்சில், டயர், பிரேக், சட்டகம் எதுவும் மாறவில்லை. கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணில் ஒரு பவுண்டும் கூடாது.

எந்த வரிசையில் வாங்குவது என்று கேட்பவர்களிடம் ட்ரெய்லரை முதலில் முடிவு செய்யுங்கள் என்கிறேன். அதன் காலி எடையை விட்டுவிட்டு உச்ச எடையை எடுத்து, 13 சதவீதம் கணக்கிடுங்கள். அதோடு ஹிட்சுக்கு 100, வீட்டில் உள்ள எல்லோருடைய எடை, வருகிற விருந்தினர் எடை, ட்ரக் படுக்கையில் வைக்கப் போகும் சாமான்கள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். வரும் எண்ணுக்கு மேல் இன்னும் 300 பவுண்டாவது கையிருப்பு வைக்கும் ட்ரக்கைத் தேடுங்கள். பழைய ட்ரக் வாங்குகிறீர்கள் என்றால் முந்தைய சொந்தக்காரர் டயரை மாற்றியிருக்கிறாரா, மாற்றிய டயர் அதே சுமைத் தரத்தில் இருக்கிறதா, ட்ரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி தொழிற்சாலையிலேயே பொருத்தியதா, பின் ஆக்சிலின் கியர் விகிதம் என்ன என்று கேளுங்கள். ட்ரெய்லரின் டயரையும் மறக்க வேண்டாம். பல ட்ரெய்லர் டயர்களின் வேக வரம்பு மணிக்கு 65 மைல்தான், ட்ரக் எவ்வளவு பெரிதானாலும் அது மாறாது. கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் சட்டப்படியே 55 மைல்தான். பெரிய ட்ரக் வாங்கிய புதிதில் பின்னால் ட்ரெய்லர் இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு வண்டி அமைதியாக ஓடும். அப்போதும் நான் வேகமானியை 62-க்கு மேல் விடுவதில்லை.